பாலினும் வெண்மையான தாள்

சேலையூர்
மாசி 5

என் வாழ்விணையே,

மடல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். ‘தொலைபேசியில் நீங்கள் பேசினால் எனக்குக் கைதட்டத்தான் தோன்றுகிறது. மறுத்துச் சொல்ல இடமே கிடைப்பதில்லை. எதுவானாலும் எழுதி அனுப்புங்கள்’ என்று கூறி இணைப்பைத் துண்டித்தாய். ஊர் ஊராகக் கூட்டம் கூட்டிக் கேட்ட குரல் இது. அதைக் கேட்க மறுத்த முதல் செவி, முப்பது ஆண்டுகள் என்னோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த செவி. இருக்கட்டும்.

என்மீது நீ சுமத்தும் குற்றம்தான் என்ன? தைத் திங்களில், தாம்பரம் மன்றத்தில், நிறைந்த அவை நடுவே நின்று, ‘குளோரின் ஒரு சொட்டும் தீண்டாமல், உழவன் தீயிட்டுக் கொளுத்தும் வைக்கோலிலிருந்து, பாலினும் வெண்மையான தாள் படப்பையில் பிறக்கிறது! அதைப் பெற்றெடுப்பவள் என் இணையர் கனகவல்லி!’ என்று முழங்கினேன். அரங்கம் அதிர்ந்தது. உன் பெயரைச் சொல்லித்தான் அதிர வைத்தேன். அன்றைக்கே பள்ளித் தாளாளர் ஜெரோம் மேடையேறி வந்து என் கையைப் பற்றினார். கூட்டம் கலைவதற்குள், சூன் மாதம் பள்ளி திறக்கும்போது பிள்ளைகள் அனைவருக்கும் உன் தாளில்தான் குறிப்பேடு என்றார். இந்தப் பேறு எதனால் வந்தது? என் ஒரு சொல்லால் வந்தது.

அதன்பிறகு உன் தொட்டியிலிருந்து வெளிவந்த தாளைப் பார்த்தேன். கைக்குத்தல் அரிசிச் சோற்றின் நிறம். அதை எடுத்துக்கொண்டு எந்த அவையில் நான் முகம் காட்டுவேன்? அதனால்தான் சலவைத்தூள் நான்கு மூட்டை அனுப்பினேன். ஒரே ஒரு முறை, இந்த ஒரு பள்ளிக்கு மட்டும். அடுத்த ஆண்டுக்குள் உன் முறை தேறிவிடும், அதுவரை என் சொல் தலைகுனியாமல் நிற்கட்டும் என்று கேட்டேன். கேட்டது கணவன், மறுத்தது வேதியியல்.

நீ பையை எடுத்துக்கொண்டு, தாள் செய்யும் உன் கொட்டகை அறைக்குக் குடிபோனாய். தாம்பரத்தில் ஒரு பேருந்து மாறினால் படப்பை. கடல் கடந்தவளைப் போல அங்கே அமர்ந்திருக்கிறாய்.

மூட்டைகளைப் பிரி. இல்லையேல் வீடு திரும்பு. இரண்டில் ஒன்றைச் செய்.

உன்
ஏகநாதன்


படப்பை
பிப்ரவரி 22, 2025

சேலையூர் வீட்டில் இருப்பவருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதில் ‘நான்’ இருக்கிறது, ‘என் சொல்’ இருக்கிறது, அரங்கம் இருக்கிறது. சாப்பிட்டாயா என்ற கேள்வி மட்டும் இல்லை. சாப்பிட்டேன்.

நீங்கள் சலவைத்தூள் என்று பெயரிட்டு அனுப்பிய, குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் மூட்டைகளை நான் பிரிக்கவில்லை. கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடியில் கிடக்கின்றன. பகல் சூட்டில் அவற்றின் நெடி என் அறைவரை வருகிறது. எந்த நெடி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினொரு ஆண்டுகள் காகித ஆலையின் ஆய்வுக்கூடத்திலிருந்து அந்த நெடியைச் சேலையில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தவள் நான். ‘வெள்ளைத் தாளில் நாம் எழுதும் ஒவ்வோர் எழுத்துக்கும் அடியில் ஒரு மீன் செத்துக் கிடக்கிறது’ என்று நீங்கள் பேசியதைக் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டேன். மறுவாரம் வேலையை விட்டேன். நீங்கள் அதைத் தற்செயல் என்று நினைத்திருக்கலாம். நானும் சொன்னதில்லை.

இப்போது வேதியியல் கேளுங்கள், மறுத்தது அதுதானே. வைக்கோலை நறுக்கி, காரத்தில் வேகவைத்து, கழுவி, அரைத்தால் பழுப்புக் கூழ் கிடைக்கிறது. அதைக் குளோரின் இல்லாமல் வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்க்கிறேன். வெளுத்து முடித்தபின் அது தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். ஏரிக்குள் போய் எவரையும் கொல்லாது. ஆனால் அதற்கு ஒரு பகை உண்டு. தண்ணீரில் இரும்பு இருந்தால், கூழைத் தொடுவதற்கு முன்பே அது நுரைத்து வீணாகிவிடும். நம் ஆழ்துளைக் கிணற்றில் இரும்பு உண்டு. வைக்கோலுக்குள்ளும் கொஞ்சம் உண்டு. இரும்பைப் பிடித்து வெளியேற்ற ஒரு மருந்து போட்டு, முதலில் கூழைக் கழுவிக்கொள்கிறேன். அவ்வளவும் செய்த பிறகு வருவது நீங்கள் பார்த்த நிறம். அது என் தோல்வி அன்று. வைக்கோல் அதற்குமேல் தர மறுக்கிறது.

நேற்று கூழிலிருந்து வேகாத வைக்கோல் கணுக்களைப் பொறுக்கும்போது, கொட்டகையில் வேலை செய்யும் பச்சையம்மா கேட்டாள்: “இன்னாமா, நோட்டுக்குப் பேப்பர் கேக்குறாங்களா, பொண்ணு பாக்க வர்றாங்களா? கலரு கலருன்னுகினு கீறாங்களே!” எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆள் இல்லை.

நிலைமையைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். பள்ளியின் குறிப்பேட்டு ஆணை நிலைத்தால் கொட்டகை நிலைக்கும். போனால் கோடைக்குள் மூட வேண்டும். பச்சையம்மா உட்பட எட்டுப் பெண்கள் ஒரகடத்தில் கம்பெனி வாசல்களில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். மார்ச் 29 அன்று ஜெரோம் பெற்றோர் கூட்டத்தில் மாதிரிக் குறிப்பேட்டைக் காட்டப் போகிறார். பாலை எதிர்பார்த்தவர்களுக்குச் சோற்றைக் காட்டினால் என்ன ஆகும்?

அதற்குமுன் நீங்கள் அதே மக்கள்முன் எழுந்து, அந்த ஒரு சொல்லைத் திரும்பப் பெற வேண்டும். நான் கேட்பது அது ஒன்றுதான்.

கனகவல்லி


சேலையூர்
மாசி 17

கனகவல்லிக்கு,

சாப்பிட்டாயா என்று கேட்காதது என் பிழை. நான் இரண்டு வேளை உணவகத்திலும் ஒரு வேளை பழத்திலும் காலம் தள்ளுகிறேன். நீ கேட்கவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

நீ கேட்டதை என்னால் செய்ய இயலாது. ஏன் என்பதைச் சினமின்றி எழுத முயல்கிறேன்.

உன்னிடம் கொட்டகை இருக்கிறது. தொட்டியைக் காட்டலாம், கூழைக் காட்டலாம், தாளைக் கையில் கொடுத்துத் தடவிப்பார் என்று சொல்லலாம். என்னிடம் என்ன இருக்கிறது? சொல்லி முடித்த கணத்தில் காற்றில் கரைந்துபோகும் பொருளை ஆக்குபவன் நான். கேட்டவர் நெஞ்சில் அது நிற்கிறது என்ற நம்பிக்கை ஒன்றுதான் என் உடைமை. ‘அன்று நான் சொன்னது பொய்’ என்று ஒருமுறை நானே கூறிவிட்டால், அதன்பிறகு அதற்கு முந்தைய எல்லாச் சொல்லையும் ஐயத்தோடு பார்ப்பார்கள். நீ சுட்டிய அந்த மீனையும் சேர்த்து.

நீ அன்று கடைசி வரிசையில் இருந்தாய் என்பது எனக்குத் தெரியாது. என்னிடம் நீ அதை ஏன் சொல்லவில்லை?

கேம்ப் சாலைத் தேநீர்க் கடையில் நேற்று நின்றேன். என்னோடு பள்ளியில் படித்த கேசவன் எல்லார் காதிலும் விழும்படி, “இன்னா தலைவரே, வூட்ல கூட்டம் கலைஞ்சு போச்சாமே?” என்றான். எத்தனையோ குறுக்கீட்டுக் குரல்களுக்கு மேடையில் நின்றபடியே விடை சொல்லி வாயடைத்தவன் நான். தேநீரை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் பகலில் வானொலியை ஓடவிடுகிறேன். அது பேசுகிறது, நான் கேட்கிறேன். இத்தனை ஆண்டுகள் நீ இருந்த இடத்தில் இப்போது அமர்ந்திருக்கிறேன் போலும்.

ஒன்று கேட்கிறேன். பெராக்சைடை இரு மடங்கு ஊற்றினால் வெளுக்காதா? நீரை மாற்றினால்? அறிவியலில் இத்தனை கற்றவள், ‘வைக்கோல் தர மறுக்கிறது’ என்று கைகட்டி நிற்பது எனக்குப் புதிராக இருக்கிறது. இன்னும் ஒருமுறை முயன்று பார். முயன்றும் ஆகாவிட்டால் அதன்பிறகு பேசுவோம்.

ஏகநாதன்


படப்பை
மார்ச் 12, 2025

உங்களுக்கு,

முயன்றேன். நீங்கள் சொன்னதற்காக மட்டும் அன்று, என் ஆசைக்காகவும்தான்.

லாரித் தண்ணீர் வாங்கினேன், இரும்பு குறைவாக இருக்கும் என்று. கழுவும் மருந்தை இரண்டு முறை போட்டேன். பெராக்சைடை நீங்கள் சொன்னபடியே இரு மடங்காக்கினேன். தொட்டியைச் சூடாக வைத்துப் பிற்பகல் முழுவதும் கிளறினோம். மாலையில் கொஞ்சம் வெளுத்திருந்தது. பெண்கள் கைதட்டினார்கள். தாளாக்கி வெயிலில் காயவைத்தபோது மறுபடி மஞ்சள் ஏறியது. கூழின் வலுவும் போய்விட்டது. மடித்தால் மடிப்பில் விரிசல் விடுகிறது. பச்சையம்மா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, “உடு மா, அப்பளம்னு வித்துடலாம்” என்றாள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. யாரும் வரவில்லை. அன்று நடந்ததை உங்களிடம் மறைப்பதில் பொருளில்லை. வேப்பமரத்தடிக்குப் போய் ஒரு மூட்டையைப் பிரித்தேன். கண்ணாடி ஜாடியில் ஒரு கைப்பிடி கூழ் போட்டு, பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரை ஊற்றி, அறைக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பினேன். ஜாடிக்குள் கூழ் மல்லிகை மொட்டுபோல வெளுத்துக் கிடந்தது. அவ்வளவு எளிது. எட்டுப் பேரும் நானும் ஒரு வாரம் மன்றாடிப் பெற முடியாததை, அது நான் இரண்டு தோசை தின்னும் நேரத்தில் கொடுத்துவிட்டது.

எவ்வளவு அழகாக இருந்தது என்று உங்களுக்கு எழுதத்தான் வேண்டும். நான் அதன் எதிரே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு தொட்டிதானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று உங்கள் குரலிலேயே எனக்குள் கேட்டது. அன்றுதான் உங்கள்மேல் இருந்த கோபத்தில் பாதி போயிற்று. நீங்கள் ஆசைப்பட்டது என்ன என்று கண்ணால் பார்த்துவிட்டேன் அல்லவா?

ஜாடிக் கூழைத் தாளாக்கவில்லை. ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் சொல்லத் தெரியவில்லை. ஜாடியைக் கழுவ எடுத்தபோது அந்த நீரை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றிவந்தேன். கொட்டக்கூடிய இடம் ஒன்றுமே கண்ணில் படவில்லை. ஒரு ஜாடிக்கே இப்படி என்றால் ஒரு தொட்டிக்கு?

பஞ்சாயத்தில் சாக்கடைக்குத் தெளிக்கப் பவுடர் கேட்டார்கள். மூட்டைகளைக் கொடுத்துவிட்டேன். இனி நெடி இல்லை.

முயன்றாகிவிட்டது. பேசுவோம் என்று எழுதியிருந்தீர்கள். 29ஆம் தேதி சனிக்கிழமை. இதற்குமேல் நான் கேட்க மாட்டேன்.

கனகா


சேலையூர்
பங்குனி 2

கனகா,

உன் மடலை முற்றத்தில் நின்றே படித்தேன். உள்ளே வந்து மறுபடி படித்தேன்.

ஜெரோமுடன் பேசிவிட்டேன். பெற்றோர் கூட்டத்தில் எனக்குச் சிறிது நேரம் தருவதாகச் சொன்னார். ‘சார், நீங்க பேசினா கூட்டம் களை கட்டும்’ என்று மகிழ்ந்தார். எதற்காகப் பேசப் போகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

எழுத உட்கார்ந்தேன். ‘பெருமக்களே!’ என்று தொடங்கினேன், அடித்தேன். ‘சொல் தவறியவன் ஒருவன் உங்கள்முன் நிற்கிறான்’ என்று தொடங்கினேன். அதையும் அடித்தேன், அதற்கும் கைதட்டு விழும். பொய்யை எப்படியெல்லாம் அணிசெய்து சொல்லலாம் என்பது எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஒரு பிழையை வெறுமனே சொல்வது எப்படி? இது எள்ளல் இல்லை. உண்மையாகவே தெரியாமல் உன்னைக் கேட்கிறேன்.

ஏகநாதன்


படப்பை
மார்ச் 21, 2025

உங்களுக்கு,

என்ன சொன்னீர்களோ அதைச் சொல்லுங்கள். அது உண்மையில்லை என்று சொல்லுங்கள். உட்கார்ந்துவிடுங்கள்.

நான் வரவில்லை. நான் இருந்தால் நீங்கள் எனக்காகப் பேசுவீர்கள். மாதிரிக் குறிப்பேட்டைப் பச்சையம்மா கொண்டுவந்து ஜெரோமிடம் கொடுப்பாள்.

வெயில் ஏறிவிட்டது. தலையில் துண்டு போட்டுக்கொண்டு போங்கள்.

கனகா


சேலையூர்
பங்குனி 16

கனகா,

நேற்றுக் கூட்டம் முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எங்காவது மேடைக் குரல் கேட்டால் அந்த வரியைத் தாண்டிப் படி.

பள்ளிக்கூட அரங்கில் மின்விசிறிகளுக்குக் கீழே நூறு பேர் இருந்திருப்பார்கள். தாம்பரம் மன்றத்தில் பார்த்த முகங்கள் பல. ஜெரோம் என்னை அழைத்தார். ஒலிவாங்கியைப் பிடித்தேன். ‘தைத் திங்களில் தாம்பரத்தில் பேசியபோது, படப்பைத் தாள் பாலினும் வெண்மையானது என்று சொன்னேன். அது உண்மையில்லை. வைக்கோல் தாள் மஞ்சளாகத்தான் இருக்கும். பார்க்காமலே சொல்லிவிட்டேன்’ என்றேன். நீ சொன்னபடியே நிறுத்தினேன்.

கல் விழும் என்று காத்திருந்தேன். கூச்சலுக்கு, சிரிப்புக்கு, எழுந்து வெளியேறுவோருக்கு, எல்லாவற்றுக்கும் நெஞ்சை ஆயத்தப்படுத்தி வைத்திருந்தேன்.

ஒன்றுமே நடக்கவில்லை. முன்வரிசையில் ஒரு தாய், சத்யபிரியா என்று பிறகு அறிந்தேன், பக்கத்தில் இருந்தவரிடம், “இவரு எப்ப அப்படிச் சொன்னாரு?” என்று கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. ஜெரோம் என் காதருகே குனிந்து, “சார், அன்னைக்கு ஸ்பீச் சூப்பர் சார். புல்லரிச்சிடுச்சு. ஆனா பால், வெள்ளை எல்லாம்... சத்தியமா ஞாபகம் இல்ல சார்” என்றார். நம்பாமல், பின்னர் ஏன் குறிப்பேடு கேட்டீர்கள் என்றேன். “அன்னைக்கு மேடையவிட்டுக் கீழ இறங்கினப்ப கனகவல்லி மேடம் ஒரு ஷீட் குடுத்தாங்க. ஃபவுண்டன் பேனாவுல எழுதிப் பாத்தேன், இங்க் ஊறல. அதான் சார்” என்றார்.

கனகா, எந்தச் சொல்லைக் காப்பதற்காக உன்னை நஞ்சு கலக்கச் சொன்னேனோ, எந்தச் சொல்லுக்காக நீ வீட்டைவிட்டுப் போனாயோ, அந்தச் சொல்லை அந்த அரங்கில் எவருமே எடுத்துச் செல்லவில்லை. நாற்காலியை மடிக்கும்போதே தட்டி உதறிவிட்டுப் போயிருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் நான் பேசியவற்றுள் ஒரு வரியை வீடுவரை தூக்கிச் சென்று, அதற்காகத் தன் வேலையையே விட்டவர் ஒருவர்தான். அவரிடம்தான் அந்த வரிக்கு எதிராக நடக்கச் சொன்னேன்.

இது முடிவில்லை. குறிப்பேடு கைமாறிச் சென்றது. ஆட்டோ ஓட்டும் தீனா என்ற தந்தை எழுந்து, “இன்னா சார் இது, புது நோட்டே பழசு மாரி கீது. எம் பொண்ணு எடுத்துகினு போனா, எங்க பொறுக்கினு வந்தேனு கேப்பாங்க. பேஜாராயிடும் சார்” என்றார். சிரித்தார்கள். சத்யபிரியா, “கண்ணு கூசல, அது நல்லாத்தானே இருக்கு” என்றாள். “உங்க பொண்ணு கண்ணு கூசாம ஃபெயில் ஆகட்டும்” என்று பின்னாலிருந்து ஒரு குரல். மறுபடி சிரிப்பு.

என் கை தானாக ஒலிவாங்கிப் பக்கம் போயிற்று. அந்தக் கூட்டத்தை நான் அறிவேன். சிறிது நேரம் பேசியிருந்தால் போதும்; அந்த மஞ்சளைப் பொன் என்று ஆக்கி, தீனாவையே எழுந்து கைதட்ட வைத்திருப்பேன். முழு ஆணையும் உன் கையில் இருந்திருக்கும். நான் எழவில்லை. உட்கார்ந்துவிடு என்று நீ எழுதியிருந்தாய்.

முடிவு இதுதான்: நல்ல நோட்டு வழக்கமான வெள்ளைத் தாளில். ரஃப் நோட்டு மட்டும் உன் தாளில். பாதிக்கும் குறைவு. பச்சையம்மா வாசலில் என்னைப் பார்த்து, “இன்னா அய்யா, வாயத் தொறக்காம குந்திகினு கீறீங்க, உடம்பு செரியில்லியா?” என்று கேட்டாள்.

நான் வாய் மூடியிருந்தது சரிதானா? இதைக் கேட்க எனக்கு வேறு எவரும் இல்லை.

ஏகநாதன்


படப்பை
ஏப்ரல் 4, 2025

உங்களுக்கு,

பச்சையம்மா அன்றே வந்து சொல்லிவிட்டாள். உங்கள் கடிதம் வரும்வரை அவள் சொன்னதை நான் நம்பவில்லை.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். முதலில் எழுந்து சொன்னது சரி. பிறகு வாய் மூடியிருந்தது தவறு. பழைய நோட்டு மாதிரி இருக்கிறது என்று ஒரு தகப்பன் கேட்டால், ‘ஐயா, இது வைக்கோலின் நிறம், ஏரிக்கு இதனால் கெடுதல் இல்லை’ என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். பொன் ஆக்க வேண்டாம், வைக்கோல் என்று சொன்னாலே போதும். பேசினால் வானத்தைத் தொடுவது, இல்லையென்றால் ஊமையாகிவிடுவது. இடையில் ஒன்று இருக்கிறது. அங்கே நீங்கள் வந்ததே இல்லை. எனக்கு அதில் வருத்தம்தான். தீனாவைப் பார்க்க நானே அடுத்த வாரம் ஒரு நோட்டோடு போகப் போகிறேன்.

ரஃப் நோட்டை வைத்து வாரத்தில் நான்கு நாள் கொட்டகையை ஓட்டலாம். எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு வேலை இருக்கிறது. மற்ற மூவரிடம் நேற்றுச் சொன்னேன். ஒருத்தி குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அந்தக் குழாயடியில் என்னால் நிற்க முடியவில்லை.

உங்கள் வரியை ஒருவர்தான் எடுத்துச் சென்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பெருமையாக எழுதினீர்களா, துயரமாக எழுதினீர்களா என்று தெரியவில்லை. எனக்கு இரண்டும் இல்லை. மாலையில் இங்கே எல்லாரும் போன பிறகு, உங்கள் குரல் இல்லாத இடம் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். அதைத்தான் கேட்டு வந்தேன். வந்தபிறகு அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று எழுதி அடித்திருக்கிறேன், மேலே பாருங்கள். ஞாயிறு இங்கே ஓசையே இருக்காது. நீங்கள் பேசத் தொடங்கிவிடுவீர்கள். நானும் கேட்கத் தொடங்கிவிடுவேன். திங்கட்கிழமை காலையில் வாருங்கள். அரவை இயந்திரம் ஓடும். பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. கூழில் கறுப்புக் கணு நிறைய இருக்கிறது. மூன்று பேர் இடம் காலியாக இருப்பதால் பொறுக்க ஆள் வேண்டும். நல்ல வேட்டி கட்டிக்கொண்டு வராதீர்கள்.

கனகா